எஸ்லோன் பைப்பில் ஒரு தொண்டை

ஒரு அங்குல எஸ்லோன் (பிவிசி) பைப், குளத்துக் களிமண், றப்பர் கையுறை, யூரியாப் பைக்குள் இருக்கும் பொலித்தீன் உறை. இவற்றை வைத்து ‘ஆ’, ‘ஈ’, ‘ஊ’ என்று ஒலிக்கும் ஒரு செயற்கைத் தொண்டையை முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்தில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து செய்தேன். பிறகு அதை ‘அப்பா’, ‘அம்மா’ என்றும் சொல்ல வைத்தோம். வேறு பாடசாலைகளில் யாராவது செய்து பார்க்க விரும்பினால் உதவும் என்பதால் அளவுகளோடு எழுதுகிறேன்.

இதைச் செய்ய வெளிக்கிட்டது கூர்ப்புப் (பரிணாமப்) பாடத்தில் வந்த ஒரு கேள்வியால். எங்கள் வகுப்பறைக் கூரையில் செங்குரங்குகள் ஓடித் திரியும். “அதுக்கும் நாக்கு, சொண்டு, தொண்டை எல்லாம் இருக்குத்தானே சேர், பிறகேன் கதைக்குதில்லை?” என்று ஒரு பிள்ளை கேட்டது. குரங்கின் குரல்வளை கழுத்தில் மிக மேலே இருக்கிறது, அதனால் உயிரெழுத்துகளை வேறுபடுத்த அதன் வாய்க்குள் இடம் போதாது என்பதுதான் நெடுங்காலம் சொல்லப்பட்ட பதில். 1969 இல் பிலிப் லீபர்மனும் கூட்டாளிகளும் ரீசஸ் குரங்கொன்றின் தொண்டையை வார்ப்பெடுத்து, அளவுகளைக் கணினியில் போட்டுப் பார்த்து அப்படித்தான் முடிவுசெய்தார்கள். 1971 இல் அவரும் எட்மண்ட் கிரெலினும் நியண்டர்தால் மனிதருக்கும் ‘ஆ’, ‘ஈ’, ‘ஊ’ மூன்றும் சரியாக வந்திருக்காது என்று எழுதினார்கள். இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போடலாம். ஆனால் ஒரு குழாயின் வடிவம் எப்படி உயிரெழுத்தாகிறது என்பதைப் பிள்ளைகள் தங்கள் கையால் செய்து கேட்டால்தான் அந்தப் பதிலைச் சரியா பிழையா என்று அவர்களே எடைபோட முடியும்.

காற்றுப் பை

முதலில் வேண்டியது ஒரே அமுக்கத்தில் வந்துகொண்டிருக்கும் காற்று. வாயால் ஊதினால் ஊதுகிற ஆளின் வாய்க்குழியும் சேர்ந்து ஒலிக்கும், ஈரமும் சேரும். சைக்கிள் பம்ப் விட்டு விட்டு அடிக்கும். வயல் வேலை நடக்கும் ஊரில் யூரியாப் பைக்குப் பஞ்சமில்லை. உள்ளே இருக்கும் பொலித்தீன் உறையை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, வாயை அரை அங்குலப் பைப்பைச் சுற்றி ரியூப் கீற்றால் இறுக்கிக் கட்டினோம். பைப்பில் ஒரு சின்னத் தண்ணீர்ப் பைப் திருகி. பம்பால் காற்று நிரப்பித் திருகியை மூடிவிட்டு, பையின் மேல் 30 சென்ரிமீற்றர் சதுரப் பலகை, அதன் மேல் 5 கிலோ அரிசிப் பை.

இந்த 5 கிலோ கண்ட பாட்டுக்கு வைத்ததல்ல. 5,000 கிராமை 900 சதுர சென்ரிமீற்றரால் பிரித்தால், பைக்குள் இருக்கும் காற்று சுமார் 5.5 சென்ரிமீற்றர் தண்ணீரைத் தாங்கும் அமுக்கத்தில் இருக்க வேண்டும். சாதாரணமாகக் கதைக்கும்போது மனிதரின் நுரையீரல் கொடுப்பது 5 முதல் 10 சென்ரிமீற்றர் வரை. தெளிவான பிளாஸ்ரிக் குழாயை யூ வடிவில் வளைத்துத் தண்ணீர் விட்டு அளந்தபோது கணக்கை விடக் கொஞ்சம் கூடக் காட்டியது. பை ஓரங்களில் உருண்டு நிற்பதால் பலகையைத் தொடும் பரப்புக் குறைகிறது, அதுதான் காரணம். நாம் மூச்சு விட்டுக் கதைப்பதே இவ்வளவு சிறிய அமுக்கத்தில்தான் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய ஆச்சரியம்.

பலகை மெதுவாக இறங்கும்போது ஒரே அளவில் காற்று வருவதைப் பார்த்துக்கொண்டே மூச்சைப் பற்றிக் கதைத்தோம். பேசும்போது சட்டென்று இழுத்து, நெடுநேரம் கட்டுப்படுத்தி விடுகிறோம். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் நொடிக்கு நொடி சரிசெய்துகொண்டே இருக்கின்றன. இன்றைய மனிதரிலும் நியண்டர்தாலிலும் மார்புப் பகுதி முள்ளந்தண்டுக் கால்வாய், மற்றப் பிறைமேற்றுகளோடு (குரங்குகளும் மனிதரும் அடங்கும் விலங்கு வகை) ஒப்பிட்டால், அகலமாக இருப்பதை ஆன் மக்லார்னனும் க்வென் ஹியூவிற்றும் 1999 இல் காட்டினார்கள். மூச்சைக் கட்டுப்படுத்த வேண்டிய நரம்புகள் கூடியதால்தான் அந்த அகலம் என்பது அவர்களின் விளக்கம். குரல்வளை மென்மையான உறுப்பு, புதைபடிவத்தில் மிஞ்சாது. எலும்பில் பதிந்த இப்படியான தடயங்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

குரல்

குரலுக்கு முதலில் பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ செய்து பொருத்தினோம். வன்னியில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. சத்தம் நன்றாக வந்தது. ஆனால் எந்தக் குழாயில் பொருத்தினாலும் அது பீப்பீயாகவே ஒலித்தது.

இங்கேதான் பாடம் சூடுபிடித்தது. குரல் ஒரு மீடிறனும் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது) அதன் மடங்குகளும் சேர்ந்தது. மேலே உள்ள குழல் அவற்றில் சிலவற்றைத் தூக்கிக் கொடுக்கும், சிலவற்றை அமுக்கிவிடும். இலைப் பீப்பீ 700 ஹேட்ஸில் ஒலித்தால் அடுத்தது 1,400, அதற்கடுத்தது 2,100. ‘ஈ’க்கு முதலாவது பரிவு, அதாவது குழல் தூக்கிக் கொடுக்கும் முதல் மீடிறன், 300 ஹேட்ஸ் அளவில் வேண்டும். அந்த இடத்தில் குழல் தூக்கிக் கொடுப்பதற்கு எதுவுமே இல்லை. தாழ்ந்த குரலில் மடங்குகள் நெருக்கமாக இருப்பதால் குழலின் வடிவம் முழுவதும் வெளியே கேட்கும்.

அதனால் இரண்டாவது வழி. அரை அங்குலப் பைப்பின் நுனியை இரண்டு பக்கமும் சரிவாக வெட்டி, கூரை முகடு மாதிரி ஆக்கி, அரத்தாளால் மழுப்பினோம். கையுறை றப்பரில் வெட்டிய இரண்டு கீற்றுகளை இரண்டு சரிவிலும் இழுத்து ஒட்டி, முகட்டில் ஒரு மயிரிழை இடைவெளி விட்டோம். பக்கங்களை நூலால் சுற்றிக் கட்டினால் காற்று ஒழுகாது. இறுக்கத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து, ஆண் குரல் அளவான 120 ஹேட்ஸ் பக்கம் கொண்டுவந்தோம். கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும், ஒலியின் மீடிறன்களைக் கோடுகளாகக் காட்டும் செயலி ஒன்றே அளக்கப் போதும்.

இந்தக் கீற்றுகளின் ஓரத்தில் இன்னும் மெல்லிய பலூன் றப்பர் விளிம்பு ஒன்றை ஒட்டியும் பார்த்தோம். குரல் உரத்து வந்தது, ஆனால் திடீரென்று மேலே தாவியது, கிறீச்சிட்டது, உடைந்தது. குரங்குகளிலும் மனிதக் குரங்குகளிலும் குரல்நாணின் மேல் விளிம்பில் இப்படி ஒரு மெல்லிய மென்சவ்வு உண்டு. மனிதரில் இல்லை. தக்கேஷி நிஷிமுராவும் கூட்டாளிகளும் 2022 இல் பல பிறைமேற்று இனங்களின் குரல்வளைகளை ஒப்பிட்டு, அந்தச் சவ்வை இழந்ததால்தான் மனிதக் குரல் நிலையாக ஆனது என்று காட்டினார்கள். கூர்ப்பு என்றால் உறுப்புகள் சிக்கலாகிக்கொண்டே போவது என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். ஒன்று எளிமையாகி நன்மை கிடைத்த இந்த உதாரணம் எனக்கே மிகவும் பிடித்தது.

குழல்

வளர்ந்த ஆணின் குரல்நாணிலிருந்து சொண்டு வரை சுமார் 17 சென்ரிமீற்றர். ஒரு அங்குலப் பைப்பை அந்த நீளத்துக்கு வெட்டி றப்பர்க் குரலின் மேல் பொருத்தினால், எழுத்தில் இல்லாத ஒரு நடு உயிர் ஒலி வரும். எங்கள் வெயிலில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 350 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கம் மூடிய குழாயின் பரிவுகள் ஏறத்தாழ 500, 1,500, 2,500 ஹேட்ஸில் இருக்க வேண்டும். செயலியில் கோடுகள் அந்த இடங்களுக்குப் பக்கத்திலேயே தெரிந்தன.

‘ஆ’வுக்குப் பின்பாதி ஒடுங்க வேண்டும், முன்பாதி விரிய வேண்டும். குரல்நாண் பக்கத்து 9 சென்ரிமீற்றருக்குக் களிமண்ணை அடைத்து, நடுவில் 1.2 சென்ரிமீற்றர் தடிப்பான கம்பியை வைத்தோம். கம்பியில் தேங்காயெண்ணெய் பூசியிருந்தால் பிறகு சுழற்றி எடுக்கலாம். முன்பக்கத்து 8 சென்ரிமீற்றர் வெறும் பைப். கணக்குப்படி முதல் இரண்டு பரிவுகளும் 750, 1,200 ஹேட்ஸ் பக்கம் வர வேண்டும். திருகியைத் திறந்ததும் ‘ஆ’ என்று கேட்டது. வகுப்பில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

‘ஈ’க்கு எதிர்மாறு. பின்னால் 9 சென்ரிமீற்றர் விரிந்த குழி, முன்னால் 6 சென்ரிமீற்றர் ஒடுங்கிய வழி. குழியும் வழியும் சேர்ந்து 300 ஹேட்ஸ் பக்கம் தாழ்ந்த பரிவைத் தருகின்றன, பின்குழி தனியாக 2,000 ஹேட்ஸ் பக்கம் இன்னொன்றைத் தருகிறது. மூன்றிலும் பொல்லாதது இதுதான். களிமண் காய்ந்து சுருங்கிப் பைப்பை விட்டு ஒரு மயிரளவு விலகினாலும் ‘ஈ’ கெட்டுவிடும். நிழலில் காயவிட்டு, விலகிய இடத்தில் மெழுகுதிரியை உருக்கி ஊற்றினால் சரி. ‘ஊ’வுக்கு நடுவில் களிமண் வளையம் ஒன்று, வாயில் 8 மில்லிமீற்றர் துளையிட்ட என்ட் கப் (பைப் நுனியை மூடும் மூடி).

ஒடுக்கத்தைப் பின்னுக்கும் முன்னுக்கும் நகர்த்திப் பார்க்கும்போது மனிதத் தொண்டையின் விசேடம் விளங்கியது. நமக்கு வாய்ப் பகுதி கிடையாகவும் தொண்டைப் பகுதி நிலைக்குத்தாகவும், ஏறத்தாழச் சம நீளத்தில் இருக்கின்றன. நாக்கு அந்த மூலையில் உருண்டு கிடப்பதால் ஒன்றை ஒடுக்கி மற்றதை விரிக்க முடிகிறது. பிறந்த குழந்தைக்குக் குரல்வளை மேலேதான் இருக்கும். மெல்ல இறங்கி, 6 முதல் 8 வயதளவில்தான் இந்தச் சம நீளம் வருகிறது.

எங்கள் தமிழ் ரீச்சர் மூன்று குழாய்களையும் கேட்டுவிட்டுத் தொல்காப்பியத்தின் பிறப்பியலைக் கொண்டுவந்து காட்டினார். அகரம் வாயைத் திறப்பதால், இகரம் நாவிளிம்பு பல்லைச் சேர்வதால், உகரம் இதழ் குவிவதால் பிறக்கும் என்று அங்கே வகுத்திருக்கிறது. காற்று உந்தியிலிருந்து எழுந்து தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்ற எட்டு இடங்களால் எழுத்தாகிறது என்பதும் அங்கேயே உண்டு. எங்கள் மேசையில் இருந்த பையும் கீற்றும் களிமண்ணும் என்ட் கப்பும் அந்த வரிசையில் பாதியைக்கூட எட்டவில்லை. அதனால் மூக்கை வைக்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தோம்.

அப்பாவும் அம்மாவும்

‘ஆ’க் குழாய் ஒலிக்கும்போது வாயை உள்ளங்கையால் ஒருமுறை பொத்தித் திறந்தால் ‘அபா’, கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் ‘அப்பா’. பிள்ளைகள் கேட்டது அம்மாவை. ‘ம்’ வர, வாய் மூடியிருக்கையில் காற்றும் ஒலியும் மூக்கால் போக வேண்டும். குழாயின் நடுவே ரீ சொக்கட் (மூன்று வாயுள்ள பைப் இணைப்பு) ஒன்றைப் போட்டு, மேலே ஒரு கிளைக் குழாய் வைத்தோம். அதன் வாயை ஒரு பிள்ளை பெருவிரலால் மூடும், முன்வாயை இன்னொரு பிள்ளை கையால் மூடும். இரண்டு கையும் நேரம் பிசகாமல் சேர்ந்தால் ‘அம்மா’. பிசகினால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

இந்த உத்தி பழையது. வொல்ஃப்காங் வொன் கெம்பெலன் 1769 இல் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பேசும் இயந்திரம் ஒன்றில் உழைத்து 1791 இல் அதைப் பற்றி எழுதினார். துருத்தி நுரையீரலாக, அதிரும் நாக்குத் தகடு குரலாக, றப்பர் புனல் வாயாக, விரலால் மூடும் இரண்டு துளைகள் மூக்காக இருந்தன. உயிரெழுத்துக்கு வடிவம் கொடுத்த குழாய்களை இன்று உலகெங்கும் வகுப்பறைகளில் பரப்பியவர் ரோக்கியோவின் சோபியா பல்கலைக்கழகத்துத் தக்கயுக்கி அராய். 1940களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர்களான சிபாவும் கஜியாமாவும் எக்ஸ்ரே வழியாக எடுத்த தொண்டை அளவுகளை அவர் குழாய்களாக்கினார்.

ஆட்டின் தொண்டை

இறைச்சிக் கடை அண்ணையிடம் சொல்லி வைத்து, கழுத்தோடு சேர்ந்த ஆட்டுத் தலை ஒன்றை நெடுக்காகப் பிளந்து வாங்கினோம். கையுறை போட்டு, பழைய பத்திரிகை விரித்துப் பார்த்தோம். குரல்வளை மூடி மேலே எழுந்து மென்னண்ணத்தின் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூக்கிலிருந்து மூச்சுக்குழல் வரை ஒரே நேர்வழி. நம்மில் அந்த இரண்டும் வெகுதூரம் விலகியிருக்கின்றன, ஒவ்வொரு வாய்ச் சோறும் மூச்சுக்குழலின் வாயைக் கடந்துதான் போகிறது. புரைக்கேறுவது அதனால்தான். டார்வின் 1859 இலேயே இதைக் கவனித்து எழுதினார்.

நாவடி எலும்பையும் தேடி எடுத்தோம். ஆட்டில் அது சங்கிலியாக மண்டையோட்டில் தொங்குகிறது. நம்மில் வேறெந்த எலும்பையும் தொடாமல் யூ வடிவில் தனியே நிற்கிறது. 1983 இல் இஸ்ரேலின் கெபாரா குகையில் சுமார் 60,000 ஆண்டு பழைய நியண்டர்தாலின் நாவடி எலும்பு கிடைத்தது, வடிவத்தில் நம்முடையதைப் போன்றது. எதியோப்பியாவின் டிக்கிக்காவில் கிடைத்த 33 இலட்சம் ஆண்டு பழைய, மனிதருக்கு முந்திய இனத்துக் குழந்தையின் எலும்பிலோ மனிதக் குரங்குகளுக்கு உள்ள குமிழ் வடிவம் இருக்கிறது. அந்தக் குமிழ், குரல்வளையிலிருந்து கிளைக்கும் காற்றுப் பைக்கு உரியது.

அதையும் செய்து பார்த்தோம். றப்பர்க் குரலுக்குச் சற்று மேலே இன்னொரு ரீ சொக்கட் போட்டு, அரை லீற்றர்ப் பிளாஸ்ரிக் போத்தலைப் பொருத்தினோம். சத்தம் அடியில் தடித்தது, மூன்று உயிர்களும் ஒன்றையொன்று நெருங்கின. ‘ஊ’வையும் ‘ஆ’வையும் கண்ணை மூடிக் கேட்டவர்கள் மாற்றிச் சொன்னார்கள். பார்ட் டி போயர் 2012 இல் காற்றுப் பைகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவும் இதுவே. உருவத்தைப் பெரிதாகக் காட்ட உதவும் பை எழுத்துகளைக் குழப்பிவிடுகிறது.

கூரைக் குரங்குக்குப் பதில்

இனி அந்தக் கேள்விக்கு. குரல்வளை தாழ்வாக இருப்பது நமக்கு மட்டும் உரியதல்ல. செம்மான் கடாக்களில் அது தாழ்ந்தே இருப்பதையும், கத்தும்போது இன்னும் இறங்குவதையும் டெக்கம்சே ஃபிட்சும் டேவிட் ரெபியும் 2001 இல் காட்டினார்கள். குரைக்கும் நாயின் குரல்வளையும் குரைக்கும் கணத்தில் கீழே இறங்குவது எக்ஸ்ரேயில் தெரிந்திருக்கிறது. செத்த உடலை அளந்தால் இது தெரியாது. 2016 இல் ஃபிட்சும் கூட்டாளிகளும் உயிருள்ள நீள்வால் குரங்கை எக்ஸ்ரே காணொளியில் பார்த்து அளந்தார்கள். நம் செங்குரங்கும் அதே மக்காக்கா பேரினம். அந்தத் தொண்டையால் விளங்கக்கூடிய பேச்சுக்குப் போதுமான உயிர் ஒலிகளை உருவாக்க முடியும் என்று கணக்கு வந்தது. நம்முடைய தெளிவான ‘ஈ’ அதற்கு எட்டாது என்று லீபர்மன் மறுத்தார். களிமண்ணில் ‘ஈ’யோடு மல்லுக்கட்டிய பிள்ளைகளுக்கு அந்த மறுப்பிலும் நியாயம் தெரிந்தது. ஆனால் ‘ஈ’ கொஞ்சம் மழுங்கினாலும் பேச்சு பேச்சுத்தான். குரங்கு அந்த மழுங்கிய பேச்சைக்கூடப் பேசுவதில்லையே.

இதற்கு எதிர்ப்பக்கத்து உதாரணம் எங்கள் காட்டிலேயே இருக்கும் விலங்கு. தென்கொரிய விலங்குக் காட்சிச்சாலை ஒன்றில் வாழ்ந்த கோஷிக் என்ற ஆசிய யானை, தும்பிக்கையை வாய்க்குள் விட்டுக் குழியின் வடிவத்தை மாற்றிச் சில கொரியச் சொற்களைப் பின்பற்றி ஒலித்ததை 2012 இல் பதிவுசெய்தார்கள். யானையின் வாய் நம்முடையதிலிருந்து எவ்வளவு வேறானது! கேட்ட ஒலியைப் பழகி எடுக்கும் மூளை இருந்ததால் தும்பிக்கையையே நாக்காக்கிக்கொண்டது.

மாதிரியில் எங்களுக்குக் கடினமாக இருந்ததும் அதே இடம்தான். பைப் ஒரு நாளில் வெட்டி முடிந்தது. இரண்டு பிள்ளைகளின் கைகள் ஒரே நேரத்தில் மூடித் திறந்து ‘அம்மா’ தெளிவாக வர நீண்ட பயிற்சி வேண்டியிருந்தது. மனிதரில் மூளை மேற்பட்டையிலிருந்து குரல்வளைத் தசைகளை இயக்கும் நரம்புக் கலங்களுக்கு நேரடி இணைப்பு உண்டு. குரங்குகளில் அப்படியொரு நேர் இணைப்பு இல்லை அல்லது மிகப் பலவீனம். ஆகவே கூரையில் ஓடும் குரங்குக்குப் பெரும்பாலும் ஆயத்தமான தொண்டை இருக்கிறது, அதை நொடிக்கு நொடி ஓட்டும் கட்டுப்பாடு இல்லை என்பதுதான் இப்போது நான் வகுப்பில் சொல்லும் பதில்.

செய்யப் போகிறவர்களுக்குச் சில விடயம். கையுறைக் கீற்றுகள் எங்கள் வெக்கையில் சீக்கிரம் பிசுபிசுத்துப் போகும், காட்சிக்கு முன் புதிதாக மாற்றுங்கள். பொலித்தீன் உறையை வெயிலில் வைக்க வேண்டாம். காற்றுப் பை போத்தலைப் பொருத்தும் ரீ சொக்கட்டுக்குப் பைப் கம் போடாமல் ரேப் சுற்றினால் கழற்றி மாற்றலாம். எங்களுக்கு அடுத்தது ‘ழ’. நாக்கு நுனி மேலே வளைந்து நிற்க, மூன்றாவது பரிவு இரண்டாவதற்குப் பக்கத்தில் இறங்கி வர வேண்டும். காய்ந்த களிமண்ணால் அது முடியாது. பைப்பின் மேற்பக்கத்தை நீளமாக வெட்டித் திறந்து, மோட்டார்சைக்கிள் ரியூப் றப்பரால் மூடி, வெளியிலிருந்து விரலால் அழுத்தி வடிவம் மாற்றும் குழாய் ஒன்றை இப்போது வெட்டிக்கொண்டிருக்கிறோம்.